ஆய்வக வைரத்துக்கு நிறம் ஏற்றும் முறை

கல்லை வளர்க்கத் தொடங்கும் முன்பே நிறத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். உயர் அழுத்த, உயர் வெப்ப முறையில், காற்றிலிருந்து நுழையும் நைட்ரஜனைத் தடுக்காமல் விட்டாலே வைரம் மஞ்சளாக வளர்ந்துவிடும். நீலம் வேண்டுமானால், நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் டைட்டானியம் அல்லது அலுமினியத்தை கல் வளரும் உருகிய உலோகக் கலவையில் சேர்த்து, மிகச் சிறிதளவு போரானையும் இட வேண்டும். அந்தக் கல் மின்சாரத்தையும் கடத்தும்.

இளஞ்சிவப்புதான் மிகுந்த நுட்பத்தைக் கேட்கிறது. சிறிதளவே நைட்ரஜன் உள்ள, வளர்ந்து முடிந்த கல்லின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், சில கார்பன் அணுக்கள் இடம்பெயர்ந்து வெற்றிடங்கள் உண்டாகும். பின்னர் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது, அவ்வெற்றிடங்கள் நகர்ந்து தனித்த நைட்ரஜன் அணுக்களை ஒட்டி அமர்ந்து, பச்சை, மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் இளஞ்சிவப்பு தோன்றுகிறது. சூடாக்காமல் நிறுத்தினால் பச்சை கலந்த நிறமே நிற்கும். அத்தகைய கல்லின் மீது நகை உலோகத்தைப் பற்றவைக்கும் சுடர் படவே கூடாது, நிறம் மாறிவிடும்.