இரண்டு வாரமாக இருமலா? டாக்டரிடம் எப்படிப் போவது

சளிக்காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் நம் நாட்டில் இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம்.

இந்தப் பரிசோதனைக்குச் சளி கொடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். காற்றோட்டமான இடத்தில் நின்று இரண்டு முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, அடுத்த மூச்சில் நெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியான சளி, குறைந்தது 2 மில்லி வேண்டும்.

டாக்டரிடம் வெறுமனே "இருமல்" என்றால் போதாது. இரவில் இளைப்போடு வந்தால் ஆஸ்துமாவா என்று பார்ப்பார். சாப்பிட்டுப் படுத்ததும் புளித்த ஏப்பத்தோடு தொண்டை கரகரத்தால் வயிற்று அமிலம் காரணமாகலாம்.

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் மாற்றித் தருவார். மாற்றிய பிறகும் இருமல் ஓய சில வாரம் ஆகலாம்.

மருந்துக் கடையில் கேட்டு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போடவே வேண்டாம். அது காசநோயைத் தற்காலிகமாக அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும்.

சளியில் ரத்தம், மூச்சுத்திணறல் என்றால் அன்றே போங்கள். குரல் கம்மல் மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.