கண்ணில் சுண்ணாம்பு, தூண்டில் முள், கருவேல முள் பட்டால்

சுண்ணாம்போ ஐஸ் பிளாண்ட் அமோனியாவோ கண்ணில் பட்டால் முதல் மருந்து தண்ணீர். வண்டி தேடுவது அப்புறம். இமையை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் வழியும்படி 20 முதல் 30 நிமிடம் குடிதண்ணீர் ஊற்றுங்கள். சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டிக்கொண்டு அரித்துக்கொண்டே இருக்கும். நனைத்த சுத்தமான துணி நுனியால் அதை எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

தூண்டில் முள் குத்தினால் நேர் எதிர்: கழுவவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. முனையில் எதிர்முள் இருக்கிறதே, இழுத்தால் கண்ணின் உள்ளே இருப்பதும் சேர்ந்து வரும். முள்ளில் கட்டிய தூண்டில் நரம்பை (நைலான் இழையை) நாலு விரல் விட்டு நறுக்குங்கள். கண்ணை அழுத்தாமல் டீக்கடைக் காகிதக் கப்பைக் கவிழ்த்து, விளிம்பு எலும்பில் உட்காரும்படி பிளாஸ்திரி ஒட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். டீ, சோறு கொடுக்காதீர்கள்.

சீமைக் கருவேல முள்தான் ஏமாற்றும். அன்றைக்கு லேசான உறுத்தல், சில நாளில் கருவிழியில் வெள்ளைப்புள்ளி: பூஞ்சைப் புண். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதை வளர்த்துவிடும். முள் பட்ட அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

திடீரென்று பார்வை போனால், திரை விழுந்ததுபோல் மறைத்தால், கண்வலியோடு வாந்தியும் விளக்கைச் சுற்றி வண்ண வளையமும் தெரிந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கும் மதுரை, ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கி.மீ.; கண் டாக்டர் பணியில் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.