ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் அத்துமீறினால்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் தீங்கு என்றதும் வயது வந்த ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். செய்தவரும் ஒரு பிள்ளையாகவே இருப்பது அபூர்வமல்ல. அண்ணனாக இருக்கலாம், வகுப்புத் தோழியாகவும் இருக்கலாம். விஷயம் தெரியவந்ததும் பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: "விளையாட்டுதானே" என்று மூடி மறைப்பார்கள், அல்லது செய்த பிள்ளையைக் குற்றவாளி என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுமே இரு பிள்ளைகளையும் கைவிடுவதுதான்.

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் முதல் தவறு. ஒரே வயதுச் சின்னப் பிள்ளைகள் உடலைப் பற்றி ஆர்வம் காட்டுவதும், வேண்டாம் என்றால் விட்டுவிட்டு ஓடுவதும் வளர்ச்சியில் இயல்பு. பிரிட்டன் ஆய்வாளர் சைமன் ஹாக்கெட் 2010-இல் இத்தகைய நடத்தைகளை இயல்பானவை, பொருத்தமற்றவை, சிக்கலானவை, துன்புறுத்துபவை, வன்முறையானவை என்று ஐந்து படிகளாக வைத்தார். எந்தப் படி என்று பார்க்கச் சில கேள்விகள் போதும். இருவருக்கும் வயதிலோ பலத்திலோ புரிதலிலோ பெரிய இடைவெளி உண்டா? மிரட்டலோ ஆசை காட்டலோ இருந்ததா? "யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லப்பட்டதா? கண்டித்த பிறகும் தொடர்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, விசாரணையை நாமே நடத்துவது. இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. பதற்றத்தில் அம்மா ஒருமுறை, அப்பா ஒருமுறை, ஆசிரியர் ஒருமுறை கேட்பார்கள். "அவன் உன்னை இங்கே தொட்டானா?" என்று பதிலையும் நாமே எடுத்துக்கொடுப்போம். பிள்ளை குழம்பும், நாம் எதிர்பார்ப்பதைச் சொல்லும், அல்லது வாயே திறக்காது. பின்னால் முறையாகக் கேட்க வருபவர்களின் வேலையும் கெடும். "என்ன நடந்தது, சொல்லு" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். "சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்பதை மட்டும் தயங்காமல் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். உதவி வேண்டுமென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, மன்னிப்புக் கேட்கவைத்து, கைகுலுக்கச் சொல்வதும் வேண்டாம். பெரியவர்களுக்கு அது முடிவு மாதிரித் தெரியும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கோ, தான் பயப்படும் ஆளின் முன்னாலேயே மறுபடி நிற்கும் நிலை. வகுப்பை மாற்ற வேண்டி வந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையை மாற்றுவது அநியாயம். தண்டனை தனக்குத்தான் என்று அது எடுத்துக்கொள்ளும்.

படமோ காணொளியோ இருந்தால் ஆதாரம் என்று நினைத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பல நாடுகளில் அப்படி அனுப்புவதே குற்றம். அழிக்கவும் வேண்டாம், போனை வாங்கி வைத்துவிட்டு காவல்துறையையோ குழந்தைகள் உதவி எண்ணையோ கேளுங்கள்.

சரி, செய்த பிள்ளை? "இவன் இனி திருந்தவே மாட்டான்" என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கால்டுவெல் 2016-இல் 106 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பாலியல் குற்றம் செய்த இளையோரில் மறுபடி அதே வகைக் குற்றத்தில் பதிவானவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. பதிவாகாதவை இதில் வராது; ஆனாலும் பெரும்பாலானோர் தொடர்வதில்லை என்பது தெளிவு. 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பாலியல் நடத்தைச் சிக்கல் இருந்த 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளைச் சிகிச்சைக்குப் பின் பத்தாண்டுகள் கவனித்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) பெற்றவர்களில் 2 சதவீதத்தினர்தான் பின்னாளில் பாலியல் குற்றப் பதிவில் வந்தார்கள். விளையாட்டுவழிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 10 சதவீதம். அதனால் ஏதோ ஓர் ஆலோசனை என்று விடாமல், இந்தத் துறையில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். பெற்றோரும் உடன் பங்கேற்க வேண்டும்.

இவனுக்கும் யாரோ இப்படிச் செய்திருப்பார்கள் என்று முடிவுகட்டவும் வேண்டாம். சிலருக்கு அது உண்மை. வேறு சிலர் வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்ந்திருப்பார்கள், ஆபாசக் காணொளிகளில் பார்த்ததைச் செய்துபார்த்திருப்பார்கள். காரணம் புரிவது சிகிச்சைக்கு உதவும், செய்ததற்குச் சாக்காகாது.

இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் நிலைமை மிகக் கொடுமை. அங்கே முதல் வேலை பாதுகாப்பு: தனித்தனி அறையில் உறக்கம், பெரியவர் பார்வையில்லாமல் இருவரும் தனியாக இல்லாதிருப்பது, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். அது முடியாத வீட்டில், நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை, அத்துமீறிய பிள்ளையை நம்பகமான வேறொரு பெரியவரிடம் தங்கவைக்கலாம். அங்கே வேறு சின்னப் பிள்ளைகள் இருக்கக் கூடாது. ஏன் அனுப்புகிறீர்கள் என்பதும் அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.