கைரேகை வைப்பதற்கு முன்: பெற்றோரின் சொத்து, பராமரிப்பு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார் பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பெரியவரின் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. ஆயுள் முழுக்க மண்வெட்டி பிடித்த கை, ரேகை தேய்ந்திருந்தது. மகன் தன் வேட்டி நுனியால் விரலைத் துடைத்து மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறை பதிந்தது. வீடும் அரை ஏக்கர் முந்திரிக் கொல்லையும் மகன் பெயருக்குப் போயின. வெளியே வந்ததும் பெரியவர் என்னிடம் கேட்டார்: “இது என் காலத்துக்குப் பிறகுதானே தம்பி நடைமுறைக்கு வரும்?”

அவர் உயில் என்று நினைத்திருக்கிறார். எழுதியிருந்ததோ தான செட்டில்மெண்ட்.

கடலூரில் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முதியவர்கள் கண் கலங்க வந்து நிற்கும் வழக்குகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் ரத்துப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஒருதலைப்பட்சமான ரத்துப் பத்திரத்தைச் சார் பதிவாளர் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வழியே இல்லையா? இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், மகன் தனித்தாளில் எழுதிக் கொடுத்த உறுதிமொழியையும் கணக்கில் எடுத்து, தாயிடமே சொத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது விளங்கும். “ஆயுள் வரை இருப்பிடம், உணவு, மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் இந்த ஆவணம் செல்லாது” என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வீட்டில் ஆயுட்கால அனுபவ உரிமையைப் பெற்றோரே வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லையா என்று யாராவது முகம் சுளித்தால், நம்பிக்கை உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரி பாரமாக இராது என்று சொல்லுங்கள்.

அடுத்தது பவர் பத்திரம், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம். “அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, பவர் எழுதி வாங்கிவிடலாம்” என்று வருகிறார்கள். மறதி முற்றியவர் எழுதும் பவர் நிற்காது. முன்பே எழுதியிருந்தாலும், எழுதியவர் சித்தம் தெளிவில்லாத நிலைக்குப் போனால் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி பிரதிநிதியின் அதிகாரம் முடிந்துவிடும், இறந்தாலும் அப்படியே. பிறகு சொத்தைக் கையாள நீதிமன்றம் போய்ப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். மருத்துவச் செலவுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் அந்த அலைச்சல் எத்தனை கொடியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நல்ல நினைவோடு இருக்கும்போதே வங்கிக் கணக்கில் நம்பிக்கையான ஒருவரை, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் சேர்த்துவிடுவது எளிது. நடக்க முடியாதவர் என்பதால் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். மனு கொடுத்தால் சார் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

தந்தை இறந்த மறுநாள் அவருடைய ஏடிஎம் கார்டில் ஈமச் செலவுக்குப் பணம் எடுப்பதைத் தவறு என்றே யாரும் நினைப்பதில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் பிறகு வரும் வழக்கில் அதுதான் முதல் குற்றச்சாட்டாக வந்து நிற்கும். இறந்த பின் வரவான ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்டவும் வேண்டியிருக்கும். நாமினி என்றால் உரிமையாளர் என்பதும் தவறான எண்ணம். வங்கிப் பணத்தை நாமினி வாரிசுகளுக்காகப் பெற்று வைத்திருப்பவர்தான். உயில் இல்லாமல் இறந்த இந்துத் தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. அவருடைய தாய் இருந்தால் அவருக்கும் உண்டு. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு சாட்சிகள் இருந்தே ஆக வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

பிள்ளை புதுச்சேரியின் பாகூரில் இருக்கிறான், அம்மா கடலூரில் இருக்கிறார், இரண்டும் வேறு வேறு அரசு, எங்கே போய்ச் சொல்வது என்று சில தாய்மார்கள் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பொறுமை எனக்கு மிகவும் வலிக்கும். முன்பு சொன்ன 2007 சட்டத்தின்படி, பெற்றோர் வசிக்கும் மாவட்டத்திலோ பிள்ளை வசிக்கும் மாவட்டத்திலோ, எங்கு வேண்டுமானாலும் பராமரிப்புக் கேட்டு மனு கொடுக்கலாம். தமிழகத்தில் அந்த மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் தலைவர் கோட்டாட்சியர்தான். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். தாய்க்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண் என்ற தகுதியிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. 1881 ஆணையின்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான்களின் வழிவந்தவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குப் பொருந்தும் பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கு உண்டு. சொத்து முழுவதையும் விருப்பப்படி உயிலில் எழுத முடியாது. கடலூரில் ஓர் உயிலைப் பார்த்து அதே மாதிரியில் எழுதினால் சிக்கல்தான். குடும்பத்தின் பழைய பதிவுகளை எடுத்துக்கொண்டு, அந்தச் சட்டம் தெரிந்த புதுச்சேரி வழக்கறிஞரிடம் போங்கள்.

அந்தப் பெரியவரின் மகனிடம் அன்றே பேசினேன். அவர் ஏமாற்றவில்லை, பத்திரம் எழுதியவர் சொன்ன இடத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த வாரம், வீட்டிலும் கொல்லையிலும் தந்தைக்கு ஆயுட்கால அனுபவ உரிமை தந்து, பராமரிக்கும் பொறுப்பையும் ஏற்று, அவரே ஓர் ஆவணம் பதிந்தார். பதிவுக்கு முன் ஒவ்வொரு வரியையும் பெரியவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லை வரும் இடத்தில் என்னை நிறுத்தினார். “கிழக்கே வாய்க்கால் இல்லை தம்பி, வண்டிப்பாதை” என்றார். திருத்தினோம்.