கார் நிறுவனத்தின் ஆவணங்களைக் கேட்டு வாங்குவது எப்படி? அமெரிக்க வாகனக் குறைபாட்டு வழக்குகளில் டிஸ்கவரி, ஆரம்பத்திலிருந்து

2010 மார்ச் மாதம், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மழை நாள். ஓடிக்கொண்டிருந்த 2005ஆம் ஆண்டு செவ்ரோலெட் கோபால்ட் கார் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வண்டியில் சிக்கியது. ஓட்டி வந்த இளம்பெண் இறந்துபோனார். காரில் இருந்த பதிவுக் கருவியைப் படித்தபோது, மோதலுக்குச் சில விநாடிகள் முன்பே இக்னிஷன் சாவி தானாக 'ஆக்சஸரி' நிலைக்கு நழுவியிருந்தது தெரிந்தது. சாவி அங்கே போய்விட்டால் இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், ஏர்பேக் விரியாது.

அந்தக் குடும்பம் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டது. வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் கடையில் புதிதாக ஒரு சுவிட்ச் வாங்கி, விபத்துக் காரின் சுவிட்சோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதிரிபாக எண் இரண்டிலும் ஒன்றே. ஆனால் உள்ளே இருந்த சின்னஞ்சிறு பாகம் ஒன்று புதியதில் சற்று நீளம். யாரோ சுவிட்சைச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார்கள், எண்ணை மட்டும் மாற்றவில்லை. 2013இல் சத்தியப் பிரமாணத்தின் கீழ்க் கேட்டபோது, அப்படி ஒரு மாற்றம் தனக்குத் தெரியாது என்றார் அந்தச் சுவிட்சுக்குப் பொறுப்பான ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர். 2006 ஏப்ரலில் அந்த மாற்றத்துக்கு அவரே கையெழுத்திட்டு ஒப்புதல் தந்த தாள் பிறகுதான் வெளியே வந்தது.

வாகன வழக்கு எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். உண்மை கம்பெனியின் அலமாரியில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் நடைமுறைக்குப் பெயர் டிஸ்கவரி. விசாரணை தொடங்கும் முன்பே இரு தரப்பும் தம்மிடம் உள்ள பொருத்தமான தகவலை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அது. இந்தியாவில் சட்டம் படித்தவர்களுக்கு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 11 நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அதன் வீச்சு மிகப் பெரியது. சண்டையும் அதற்கேற்றபடி பெரியது.

கீழே சொல்பவை அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளின்படி. மாநில நீதிமன்றங்களில் சிற்சில வேறுபாடுகள் உண்டு. சட்ட மாணவர்கள், வழக்கறிஞர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், தம் வழக்கில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள விரும்புபவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன். உங்கள் சொந்த வழக்குக்கு உங்கள் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

படி 1: காரைக் காப்பாற்றுங்கள்

எதிராளியிடம் ஆவணம் கேட்கும் முன் உங்கள் கையில் இருக்கும் சாட்சியத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகும். சில வாரங்களில் அது ஏலத்தில் போய்விடும். ஆகவே முதல் நாளே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் வண்டி நிற்கும் யார்டுக்கும் 'தொடாதீர்கள், விற்காதீர்கள்' என்று எழுத்தில் கடிதம் போக வேண்டும். பதிவுக் கருவியில் உள்ள தரவு வண்டியின் உரிமையாளருக்கே சொந்தம் என்று 2015ஆம் ஆண்டின் ஓட்டுநர் தனியுரிமைச் சட்டம் சொல்கிறது. ஏர்பேக் விரியாத மோதலின் பதிவு, வண்டியை மறுபடி ஓட்டினால் அழிந்துபோகக் கூடும். அதனால் சாவியையே போடாதீர்கள்.

கார் நிறுவனமும் வண்டியைப் பார்க்க உரிமை உள்ள தரப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. சில்வெஸ்ட்ரி எதிர் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் ஏர்பேக் விரியவில்லை என்பது புகார். வாதியின் நிபுணர்கள் வண்டியைப் பார்த்தார்கள், நிறுவனத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சுமார் மூன்று வருடம் கழித்து நிறுவனத்துக்குத் தெரிந்தபோது வண்டி பழுது பார்க்கப்பட்டு விற்கப்பட்டிருந்தது. வழக்கையே தள்ளுபடி செய்தது நீதிமன்றம். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நிறுவனத்துக்கு இதே போன்ற 'எதையும் அழிக்காதீர்கள்' கடிதத்தை நீங்கள் அனுப்பும்போது அவர்களும் இதே தராசில்தான் நிற்கிறார்கள்.

படி 2: இலவசமாகக் கிடைப்பதை முதலில் படியுங்கள்

தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் வாடிக்கையாளர் புகார்கள், திரும்பப் பெறும் அறிவிப்புகள், அரசு விசாரணைக் கோப்புகள், டீலர்களுக்கு நிறுவனம் அனுப்பிய பழுதுபார்ப்புச் சுற்றறிக்கைகள் எல்லாம் உண்டு. சுற்றறிக்கைகளை ஆற அமரப் படியுங்கள். கம்பெனிக்குள் அந்தப் பிரச்சினையை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பது அங்கேதான் முதலில் தெரியும். அந்தப் பெயர் அடுத்த படிக்குக் கட்டாயம் வேண்டும்.

படி 3: கேள்வியைச் சரியாக எழுதுங்கள்

எழுத்து மூலமான வினாக்கள், ஆவணக் கோரிக்கைகள், 'இது உண்மைதானே' என்று ஒப்புக்கொள்ளச் சொல்லும் கோரிக்கைகள், நேரில் வாக்குமூலம் எடுப்பது. இவைதான் கருவிகள். எழுத்து வினாக்கள் சாதாரணமாக 25க்கு மேல் போகக் கூடாது. ஆவணக் கோரிக்கைக்கு அப்படி எண்ணிக்கை இல்லை. பதில் 30 நாளில் வர வேண்டும். வாகன வழக்கின் உயிர் ஆவணக் கோரிக்கையில்தான் இருக்கிறது.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: 'இந்தக் காரின் குறைபாடு தொடர்பான அனைத்து ஆவணங்களையும் தரவும்.' பதில் எப்படி வரும் தெரியுமா? 'இந்தக் காரில் குறைபாடு எதுவும் இல்லை. ஆகவே அப்படிப்பட்ட ஆவணமும் இல்லை.' ஒரு வரியில் கதவு மூடிவிடும்.

சொல் விஷயத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2014 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் அரசுக்கு 35 மில்லியன் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டபோது, நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டுப் பயிற்சி ஒன்று வெளியே வந்தது. ஊழியர்கள் எழுத்தில் தவிர்க்க வேண்டிய 69 சொற்களின் பட்டியல் அதில் இருந்தது. 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி இயங்கவில்லை' என்று எழுது. 'பிரச்சினை' என்று எழுதாதே, 'நிலைமை', 'விஷயம்' என்று எழுது. இப்படிப் பழக்கப்பட்டவர்களின் மின்னஞ்சல்களில் 'குறைபாடு' என்று தேடினால் என்ன கிடைக்கும்? அதே சுவிட்ச் விவகாரத்தில், ஓடும்போது இன்ஜின் நிற்பதைப் பாதுகாப்புச் சிக்கலாகக் கருதாமல் 'வாடிக்கையாளர் வசதி' என்ற தலைப்பில் உள்ளே வகைப்படுத்தியிருந்தார்கள். 'பாதுகாப்பு' கோப்பை மட்டும் கேட்டிருந்தால் அந்தத் தாள்கள் வந்தே இருக்காது.

ஆகவே குற்றச்சாட்டைக் கேள்வியில் வைக்காதீர்கள். பொருளையும், நிகழ்வையும், மாற்றத்தையும் கேளுங்கள். கோபால்ட் வழக்கையே வைத்து எழுதிப் பார்க்கிறேன்:

'2004 முதல் 2010 வரை கோபால்ட் கார்களில் பொருத்தப்பட்ட இக்னிஷன் சுவிட்சின் வரைபடம், நீளம், ஸ்பிரிங், திருப்பு விசை ஆகிய எதிலும் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதைக் கோரியவர், காரணம், ஒப்புதல் தந்தவர், தேதி, உதிரிபாக எண் மாறியதா என்பது ஆகியவற்றைக் காட்டும் ஆவணங்கள்.'

'ஓடும்போது இன்ஜின் நின்றது, சாவி நகர்ந்தது, ஏர்பேக் விரியவில்லை என்று டீலர்கள், வாடிக்கையாளர்கள், ஊழியர்கள் எவரிடமிருந்தும் வந்த அறிக்கைகள், அவை எந்த வகையில் பதியப்பட்டிருந்தாலும்.'

இதில் 'இல்லை' என்று சொல்லித் தப்பிப்பது கடினம். சொன்னால் அது பொய்யாகிவிடும். பொய்க்கு விலை உண்டு.

இதே கோரிக்கையின் சுருக்கமான வடிவத்தை சப்பீனா (வழக்கில் தரப்பாக இல்லாதவரிடம் ஆவணம் கேட்கும் நீதிமன்ற ஆணை) மூலம் உதிரிபாகம் செய்த நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். அந்தச் சுவிட்சைச் செய்த டெல்ஃபியிடமும் 2006ஆம் ஆண்டு மாற்றத்தைக் காட்டும் ஆவணங்கள் இருந்தன.

படி 4: மறுப்புகள் வரும்

எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிலில் ஆவணத்தைவிட ஆட்சேபணைதான் அதிகம் இருக்கும்.

மிகப் பெரிய சண்டை 'வேறு மாடல்' பற்றியது. உங்கள் கார் 2005ஆம் ஆண்டுடையது, ஆகவே 2005 மட்டும்தான் தருவோம் என்பார்கள். பதில் எளிது: பாகம் ஒன்றா என்று பார். அதே சுவிட்ச், அதே சென்சார், அதே மென்பொருள் வேறு பெயருள்ள காரில் இருந்தால் அந்தக் காரின் புகார்களும் பொருத்தமானவையே. ஜூரி முன் சாட்சியமாகக் காட்ட, மற்ற விபத்துகள் உங்களுடையதோடு கணிசமாக ஒத்திருக்க வேண்டும். டிஸ்கவரியில் கேட்க அவ்வளவு கறாரான ஒற்றுமை தேவையில்லை. இந்த இரண்டையும் குழப்பிவிட நிறுவனத் தரப்பு முயலும். பாகம் ஒன்றுதான் என்று உங்கள் பொறியாளரின் ஒரு பக்க உறுதிமொழி கையில் இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

அடுத்தது சுமை. 2015 டிசம்பரில் திருத்தப்பட்ட விதி 26, கேட்பது வழக்கின் தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்கிறது. இதைக் கேடயமாகப் பிடிப்பார்கள். ஆனால் அதே விதி, தகவல் எந்தத் தரப்பின் கையில் இருக்கிறது, யாருக்கு வசதி அதிகம், பிரச்சினை எவ்வளவு முக்கியம் என்பதையும் எடைபோடச் சொல்கிறது. உயிர் போன வழக்கில், தகவல் முழுவதும் ஒரே தரப்பிடம் இருக்கும்போது இந்த அளவுகோல் குடும்பத்தின் பக்கம் சாய்கிறது. அப்புறம் விதி 34: ஆட்சேபணை இருந்தால் காரணத்தைத் திட்டமாகச் சொல்ல வேண்டும், அதனால் எதையாவது தராமல் வைத்திருக்கிறார்களா என்றும் சொல்ல வேண்டும். 'மிக விரிவானது, சுமையானது' என்ற வாய்ப்பாடு மட்டும் போதாது.

வழக்கறிஞரோடு நடந்த ரகசியப் பேச்சு என்று மறுத்தால், மறைக்கும் ஒவ்வொரு ஆவணத்தையும் தேதி, எழுதியவர், பெற்றவர் என்று பட்டியலிடச் சொல்லுங்கள். பொறியாளர்களுக்கு இடையே போன மின்னஞ்சலில் வழக்கறிஞருக்கும் ஒரு நகல் போனதால் மட்டும் அது ரகசியமாகிவிடாது.

தொழில் ரகசியம் என்றால் 'தர மாட்டோம்' என்பது தீர்வில்லை, 'பாதுகாப்பாகத் தருவோம்' என்பதுதான். ஓக்லஹோமாவில் 2013 அக்டோபரில் ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்த வழக்கில், வாதியின் மென்பொருள் நிபுணர் திராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) கட்டுப்பாட்டின் மூல நிரலையே படித்தார். இணையம் இல்லாத, காவல் உள்ள அறையில். கார் இன்று பாதி கணினி. நிரல் ரகசியம் என்ற ஒரே காரணத்தால் அதை யாரும் பார்க்கக் கூடாது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

படி 5: பேசுங்கள், பிறகு நீதிபதியிடம் போங்கள்

ஆவணங்களைத் தரும்படி கட்டாயப்படுத்தும் மனு போடும் முன் எதிர்த்தரப்போடு நல்லெண்ணத்துடன் பேசிப் பார்த்ததாக விதி 37இன்படி சான்று தர வேண்டும். ஆகவே கோரிக்கை எண், அவர்கள் பதில், நீங்கள் விட்டுக்கொடுத்தது, இன்னும் வேண்டியது என்று நான்கு கட்டங்களில் ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். நீதிபதிக்கு 40 கோரிக்கைகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முக்கியமான ஐந்தாறு போதும்.

படி 6: வாக்குமூலம்

ஒரு சாட்சிக்கு ஒரு நாள், ஏழு மணி நேரம். அனுமதியில்லாமல் பத்துப் பேர் வரை. இதில் விதி 30(பி)(6) ஒரு வரம்: நீங்கள் தலைப்பைச் சொன்னால், நிறுவனம் அதற்குப் பதில் சொல்லத் தயார்செய்த ஒருவரை அனுப்ப வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்று அவர் நழுவ முடியாது, ஏனென்றால் பேசுவது நிறுவனம்.

தலைமை நிர்வாகியையே கூப்பிடலாமா? பல நீதிமன்றங்கள் எளிதில் விடுவதில்லை. 2022இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை நிர்வாகி மேரி பாரா தொடர்பான வழக்கில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம், உயர்பதவிக்காரர்களுக்குத் தனி விலக்குக் கோட்பாட்டை ஏற்க மறுத்தது. ஆனால் அவருக்கு விஷயம் நேரடியாகத் தெரியுமா, வேறு வழியில் தகவல் கிடைக்குமா என்பவற்றை நீதிபதி எடைபோட வேண்டும் என்றது. கீழே உள்ள பொறியாளர்களை முதலில் கேளுங்கள்.

படி 7: ரகசிய உத்தரவில் கையெழுத்திடும் முன்

ஆவணங்களை ரகசியமாக வைக்கச் சொல்லும் நீதிமன்ற உத்தரவின் வரைவு ஒன்றை, நீங்கள் ஒப்புக்கொள்வதற்காக நிறுவனம் அனுப்பும். தருவதெல்லாம் ரகசியம், வழக்கு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கும். ஆவணம் சீக்கிரம் வரட்டும் என்ற அவசரத்தில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்திப் படியுங்கள்.

கோபால்ட் வழக்கு 2013 செப்டம்பரில் சமரசமானது. கார்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு 2014 பிப்ரவரியில்தான் வந்தது. சில வாரங்களில் அது உலகெங்கும் சுமார் 26 லட்சம் வண்டிகளாக விரிந்தது. அந்தச் சுவிட்சால் நேர்ந்தவை என்று 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதி பின்னர் பணம் கொடுத்தது. இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு, பூட்டிய பெட்டியில் ஆவணத்தை வைப்பது வெறும் நடைமுறை விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்றைக் கேளுங்கள். ஒன்று, எந்தப் பக்கம் ரகசியம் என்பதை நிறுவனம் பக்கம் பக்கமாகக் குறித்து, சவால் வந்தால் தானே நிரூபிக்க வேண்டும். இரண்டு, இதே குறைபாட்டுக்காக வழக்காடும் மற்ற வழக்கறிஞர்களோடு பகிர அனுமதி. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1987லேயே ஜெனரல் மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட வழக்கில் இத்தகைய பகிர்வை ஆதரித்தது. மூன்று, பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தகவல் தர எந்தத் தடையும் கூடாது. ஃபுளோரிடாவில் பொது ஆபத்தை மறைக்கும் உத்தரவுகளுக்கு எதிராக 1990 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

படி 8: மறைத்தது தெரிந்தால்

குட்இயர் நிறுவனத்தின் ஜி159 டயர் வெடித்து மோட்டார் ஹோம் ஒன்று கவிழ்ந்தது. அந்தக் குடும்பம் பல வருடங்கள் டயரின் சோதனை முடிவுகளைக் கேட்டது. கிடைத்தவரை வைத்து 2010இல் சமரசம் செய்துகொண்டது. அப்புறம் அவர்களின் வழக்கறிஞர் ஒரு செய்தியைப் படிக்கிறார்: அதே டயர் பற்றிய வேறொரு வழக்கில், நெடுஞ்சாலை வேகத்தில் டயர் எவ்வளவு சூடாகிறது என்ற சோதனையை நிறுவனம் கொடுத்திருக்கிறது. இவர்களுக்கு வராத சோதனை. அரிசோனா நீதிபதி 27 லட்சம் டாலர் கட்டச் சொன்னார். 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. மறைத்ததால் மட்டுமே ஏற்பட்ட செலவைத்தான் ஈடாகக் கேட்க முடியும் என்றது.

இதனால் உங்களுக்கு மூன்று வேலை. எந்த மறைப்பால் எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் வீணானது என்று ஆரம்பத்திலிருந்தே தனித்தனியாகக் கணக்கு எழுதுங்கள். சமரசத்தில் கையெழுத்திடும் முன், கேட்ட சோதனைகள் அனைத்தும் தரப்பட்டுவிட்டன என்று நிறுவனத்திடம் எழுத்தில் உறுதிமொழி வாங்குங்கள். கோப்பை மூடிய பிறகும் அதே பாகம் பற்றிய மற்ற வழக்குகளின் செய்திகளைப் படித்துக்கொண்டே இருங்கள்.