கேட்கும் முன்னரே கணக்குச் சொல்லுங்கள்: ஊர்த் தொண்டு அமைப்புகள் பெயர் எடுக்கும் வழி

ஒரு சனசமூக நிலையமோ, மாதர் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ தன்னை வெளியே தெரியப்படுத்த நினைத்தால், யாழ்ப்பாணத்தில் முதலில் நடப்பது இலச்சினை கீறுவிப்பதும் பதாகை அடிப்பதும்தான். இவை பின்னால் செய்யவேண்டிய வேலைகள். கடையில் சாமான் வாங்குபவர் கையில் சாமான் இருக்கும். உங்களுக்குக் காசு அனுப்புபவரோ கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறார், அதன் பயன் கரவெட்டியில் ஒரு பிள்ளைக்குப் போகிறது. நடுவில் அவர் கையில் இருப்பது உங்கள் பெயரும் சொல்லும் மட்டும். "காசு போய்ச் சேர்ந்ததோ, என்ன செய்தவை?" என்று அவர் கேட்கும் முன்னரே விடை சொல்லும் அமைப்புக்குத்தான் பெயர் நிலைக்கும்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பற்றுச்சீட்டு, பேஸ்புக் பக்கம் ஆகிய நான்கிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கவேண்டும். ஓரிடத்தில் "சங்கம்", இன்னோரிடத்தில் "அமைப்பு", வங்கியில் ஆங்கிலச் சுருக்கம் என்று கிடந்தால், காசு அனுப்ப வந்தவர் கணக்குப் பெயரைப் பார்த்ததும் தயங்கி நிற்பார். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்திருந்தாலும், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருந்தாலும், பிரதேச செயலகத்தில் பதிந்திருந்தாலும், அந்தப் பதிவு இலக்கத்தைக் கடிதத் தலைப்பிலும் பற்றுச்சீட்டிலும் அச்சிடுங்கள். பொருளாளரின் சொந்தக் கணக்குக்குக் காசு வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் கதைக்கும். அந்தக் கதையை எந்த விளம்பரமும் அழிக்காது.

அடுத்தது ஒரு வசனம். "சமூக மேம்பாட்டுக்காக உழைக்கும் இலாப நோக்கற்ற அமைப்பு" என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. யாருக்கு, எங்கே, என்ன செய்கிறீர்கள் என்ற மூன்றும் அதில் வேண்டும். உதாரணமாக: "கரவெட்டியில் தரம் 6 முதல் 11 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கட்டணமின்றிக் கணிதமும் ஆங்கிலமும் படிப்பிக்கிறோம்." இதை ஒரு ஆட்டோக்காரருக்கோ சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவுக்கோ ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது எந்தச் சொல் விழுந்துபோகிறதோ, அது தேவையில்லாத சொல். வசனம் முடிவானதும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அந்த மொழியில் எழுதிப் பழகிய ஒருவரைக்கொண்டு எழுதுவியுங்கள். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே பதாகையில் ஏற்ற வேண்டாம்.

இலச்சினைக்கு இனி வரலாம். பனை, யாழ், நல்லூர்க் கோபுரம், கன்றை ஏந்தும் இரு கைகள் ஆகியவற்றை ஏற்கெனவே எத்தனையோ கடைகளும் கழகங்களும் எடுத்துவிட்டன. உங்கள் வேலையில் கையாளும் ஒரு பொருளைத் தேடுங்கள். நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். வரைந்து வந்ததும் மூன்று சோதனை செய்யுங்கள்: 2 சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சுருக்கிக் கறுப்பில் அச்சிடுங்கள், அதைப் போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி எடுங்கள், வட்டத்துக்குள் வெட்டிப் பாருங்கள். றப்பர் முத்திரையிலும் கடிதத்திலும் பேஸ்புக்கிலும் அது அப்படித்தான் வரப்போகிறது. வட்டத்தைச் சுற்றி முழுப் பெயரையும் நிறுவிய ஆண்டையும் எழுதும் வழக்கம் முத்திரைக்குச் சரி. கைத்தொலைபேசித் திரையில் அது கறைபோலத் தெரியும். வரைந்தவரிடம் ஜேபெக் படம் மட்டும் வாங்கிக்கொண்டு வரவேண்டாம். எஸ்விஜி அல்லது பிடிஎஃப் மூலக்கோப்பையும் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 8 அடிப் பதாகையில் இலச்சினையின் ஓரம் படிக்கட்டுப்போல உடைந்துவிடும்.

தமிழ் எழுத்துருவில் பலரும் இடறுகிறார்கள். எங்கள் அச்சகங்களில் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினி இன்னும் புழங்குகிறது. பாமினியில் தட்டிய பந்தியை வட்ஸ்அப்பிலோ இணையத்தளத்திலோ ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் வரும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதே காரணம்; மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. எல்லாவற்றையும் யூனிகோட்டில் எழுதிச் சேமியுங்கள்; அச்சகம் கேட்டால் மட்டும் மாற்றிக் கொடுங்கள். மாற்றியபின் கொம்பு, கால், ஸ்ரீ, கிரந்த எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கற்றமரன் ஆகியவை இலவசம். ஒன்றைத் தெரிந்தெடுத்து எங்கும் அதையே பயன்படுத்துங்கள். இலஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் எழுத்தை இட்டதும் "கொ" என்பதன் கொம்பு இடம்மாறி நின்றால், பந்தி அமைப்பில் வேர்ள்ட்-ரெடி கொம்போசரைத் தெரிவுசெய்தால் சரியாகும். அச்சுக்குப் போகும் முன், வேலையில் சம்பந்தப்படாத ஒருவர் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும்.

பதாகையில் பத்துச் சொல் போதும். பார்ப்பவர் நிற்கும் தூரத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் எழுத்து 1 அங்குல உயரம் என்று வையுங்கள். வீதியின் மறுபக்கம் 40 அடி என்றால் 4 அங்குலம். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் படங்களை அடுக்கினால் உங்கள் வசனத்துக்கு இடமே மிஞ்சாது.

படம் எடுப்பதைப் பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஒரு கொப்பிக் கட்டைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் பிள்ளை தலைகுனிந்து நிற்கும் கையளிப்புப் படம் எங்களுக்கு எல்லாம் பழக்கம். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். படம் அவளுக்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். முகம் காட்டாமல் எடுப்பது கடினமில்லை: மாலை ஆறரைக்குப் பின்வரிசையிலிருந்து பிடித்த வகுப்பறை, பெருக்கல் எழுதும் கை, படலையில் சாத்திய சைக்கிள்கள், கரும்பலகையில் அழியாமல் கிடக்கும் பாதிக் கணக்கு. முகம் தேவைப்பட்டால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எங்கே, எவ்வளவு காலம் பயன்படும் என்று அதில் இருக்கட்டும். தாய் பின்னர் "எடுத்துவிடுங்கோ" என்றால் அன்றே எடுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்காக அல்ல, பிள்ளைக்காகவே இதைச் செய்யவேண்டும். அச்சுக்குப் படம் அனுப்பும்போது வட்ஸ்அப்பில் "ஆவணம்" என்ற வழியால் அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

எங்கள் ஊரில் கொடை பெரும்பாலும் ஒரு நாளோடுதான் வரும்: பிறந்தநாள், அந்தியேட்டி, ஆண்டுத் திவசம். ஆகவே ஒரு கொப்பி போடுங்கள். கொடுத்தவர் பெயர், யார் நினைவாக, உறவுமுறை, நாள், பற்றுச்சீட்டு இலக்கம் என்று ஐந்து நிரல். சைவக் குடும்பங்களுக்குத் திவசம் திதியில் வருவதால் ஆங்கிலத் திகதி வருடாவருடம் மாறும். "ஆவணி, பூர்வபக்க தசமி" என்று திதியையே எழுதி, வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா என்பதையும் கேட்டுக் குறியுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திகதி போதும். நாள் வர ஒரு மாதம் இருக்கையில் தொடர்பு கொள்ளுங்கள், ஆனால் காசைப் பற்றித் தொடங்க வேண்டாம். போன வருடம் தந்ததில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். செத்தவீட்டிலும் 31 ஆம் நாளுக்கு முன்னரும் ஒருபோதும் கேட்கவேண்டாம்.

மாதம் ஒருமுறை எல்லோருக்கும் ஒரு செய்தி. இந்த வடிவில் இருக்கலாம்:

"வணக்கம் அண்ணா. ஜூன் மாத மாலை வகுப்பு: பதிவு 42 பிள்ளைகள், சராசரி வரவு 36. செலவு: ஆசிரியர் மூவருக்கு 54,000 ரூபா, போட்டோக்கொப்பி 5,500, மின்சாரம் 3,500, மொத்தம் 63,000. அப்பாவின் நினைவாக நீங்கள் தந்த 20,000 ரூபாவும் (பற்றுச்சீட்டு இல. 0118) இதில் சேர்ந்திருக்கிறது. தரம் 10 பிள்ளைகள் நால்வர் வராமல் விட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கதைத்தோம், இருவர் திரும்பி வந்துவிட்டார்கள். செயலாளர்."

அந்த நால்வரைப் பற்றிய வரியை நிருவாக சபையில் யாராவது வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். குறையைச் சொல்லும் கணக்கைத்தான் ஆக்கள் நம்புகிறார்கள். 63,000ஐ 42ஆல் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,500 ரூபா. உதவி கேட்கும்போது சொல்லவேண்டிய தொகையும் இதுதான்.

இதை வட்ஸ்அப் குழுமத்தில் போடுவதைவிட ஒலிபரப்புப் பட்டியலில் (புரோட்காஸ்ட் லிஸ்ட்) அனுப்புவது நல்லது. குழுமத்தில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். கைகூப்புப் படங்களுக்குள் கணக்கு புதைந்தும் போகும். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். "எங்கட இலக்கத்தைச் சேமித்து வையுங்கோ" என்று முதலிலேயே கேளுங்கள். இங்கே இரவு 7.30 என்றால் கோடையில் லண்டனில் பிற்பகல் 3, பாரிஸிலும் சூரிச்சிலும் 4, ரொறன்ரோவில் காலை 10. குளிர்காலத்தில் அங்கெல்லாம் ஒரு மணி குறையும். ஞாயிறு அந்த நேரம் பொருத்தம்.

வரிச்சலுகை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கனடாவில் வரிக்கான பற்றுச்சீட்டை அங்கே பதிந்த தொண்டு அமைப்புகள்தான் கொடுக்கலாம். பிரித்தானியாவில் 1 பவுணுக்கு 25 பென்ஸ் சேர்க்கும் கிஃப்ட் எய்ட் திட்டமும் அங்குள்ள அமைப்புகளுக்கே.

பேஸ்புக்கில் தனிநபர் கணக்கு வேண்டாம், 5,000 நண்பர்களோடு நின்றுவிடும். பக்கமாகத் திறந்து, குறைந்தது இரண்டு நிர்வாகிகளை வையுங்கள். பக்கத்தைத் திறந்த பெடியன் வெளிநாடு போனதும் கடவுச்சொல்லும் அவனோடு போய்விடும் சங்கடம் பல சங்கங்களுக்கு வருவது. உதயன், வலம்புரி போன்ற பத்திரிகைகளுக்கு 150 சொல்லுக்குள் செய்தி எழுதி, படத்தில் நிற்பவர்களை இடமிருந்து வலமாகக் குறித்து அனுப்பினால் வெளிவர வாய்ப்பு அதிகம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஊரில் நிற்பார்கள். அந்த நாட்களில் வகுப்பை நேரில் வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். கணக்குப் புத்தகம் மேசையில் திறந்து கிடக்கட்டும்.

சொன்ன வேலை சில வேளை நடக்காமல் போகும்: ஆசிரியர் கிடைக்கவில்லை, கட்டடம் கைவிட்டுப் போயிற்று. தெரிந்த அதே வாரத்தில், எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதா, வேறு வேலைக்கு எடுப்பதா என்று கொடுத்தவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தத் தொகை கணக்கிலேயே இருக்கட்டும்.