தத்துக் கொடுத்த நாயை வேறொருவரிடம் தள்ளிவிட்டார்களா? சட்டப்படி என்ன செய்யலாம்

முதலில் தத்துக் கொடுக்கும்போது போட்ட ஒப்பந்தத்தை எடுத்து எந்த நிபந்தனை மீறப்பட்டது, மீறினால் பிராணியைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் செல்லப்பிராணியும் ஒரு சொத்துதான் (கேட்கக் கசப்பாக இருந்தாலும்), அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மீட்பது கடினம். கருத்தடை செய்யாதது, விற்றது, எதுவானாலும் வாட்ஸ்அப் செய்திகள், படங்கள், மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பதிவு எல்லாவற்றையும் சேமியுங்கள். அப்புறம் கெடு தேதி குறித்து எழுத்தில் ஒரு நோட்டீஸ்.

மசியவில்லையா? சிவில் வழக்குதான். இழப்பீடு மட்டும் கேட்டால் பணம்தான் வரும், நாய் வராது. அதனால் பிராணியையே திரும்ப ஒப்படைக்கச் சொல்லியும், வழக்கு முடியும்வரை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்டும் மனுப் போடுங்கள். விவரம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளிடம் போய்விட்டால் சிக்கல் கூடும், அதனால் இழுத்தடிக்காதீர்கள்.

நாயை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்றால் ஒப்பந்தம் அப்படியே கிடக்கட்டும், நேராகப் போலீஸிலோ விலங்கு நல அமைப்பிலோ புகார் கொடுங்கள். சுவர் ஏறிக் குதித்து நீங்களே தூக்கி வந்தால் திருட்டு வழக்கு உங்கள் மேல் விழலாம்.